கர்ப்பத்தில் மூளைக் கட்டி: இப்போதே அறுவை சிகிச்சையா, பிரசவம் வரை பொறுப்பதா?

மழைத்துளி:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்காக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு இப்போது 21ஆவது வாரம், தலைப்பிள்ளை. மூன்றாவது மாதத்தோடு நின்றுபோன வாந்தி நான்காவது மாதக் கடைசியில் மறுபடி வந்தது, கூடவே தலைவலியும். காலையில் எழுந்ததும் மண்டையைப் பிளக்கும், பொழுது ஏற ஏறக் கொஞ்சம் தணியும். வீட்டில் அதை மசக்கை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் திடீரென்று அவளுடைய இடது கையும் முகத்தின் இடது பக்கமும் வெட்டி வெட்டி இழுத்தன. சில நிமிடங்களில் நின்றுவிட்டது, ஆனால் அதற்கப்புறம் வெகுநேரம் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை.

மருத்துவமனையில் முதலில் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்ததால் இது கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு இல்லை என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வலது பக்கம் நெற்றிக்குப் பின்னால், மூளையை வெளியிலிருந்து அழுத்துகிற மாதிரி சுமார் 5 சென்டிமீட்டர் கட்டி, மெனிஞ்சியோமா (மூளையை மூடியிருக்கும் உறையிலிருந்து வளரும் கட்டி) போலத் தெரிகிறது, சுற்றிலும் வீக்கம், மூளை நடுக்கோட்டைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டும் லெவெடிரசிட்டம் என்கிற வலிப்பு மாத்திரையும் ஆரம்பித்த பிறகு தலைவலி நன்றாகக் குறைந்துவிட்டது, வலிப்பு மறுபடி வரவில்லை.

நரம்பியல் அறுவை மருத்துவர் இன்னும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கட்டியை எடுத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்கிறார். மகப்பேறு மருத்துவரும் அதற்குச் சம்மதம். ஆனால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அக்காவின் மாமியார், இப்போதுதான் தலைவலி குறைந்துவிட்டதே, குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். உறவில் ஒருவர், கர்ப்பத்தைக் கலைத்துவிட்டு அக்காவை மட்டும் பாருங்கள் என்கிறார். அத்தான் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தலையைத் திறந்தால் வயிற்றில் இருக்கிறது தாங்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்களோ, மருத்துவத் துறையில் இருப்பவர்களோ இருந்தால் சொல்லுங்கள்.

---

கருவேலம்:

கவலைப்படாதீர்கள் சகோதரி. ஆனால் ஒன்று, கர்ப்பத்தில் ஸ்கேன், ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை எல்லாமே குழந்தைக்குக் கெடுதல் என்றுதான் நான் படித்திருக்கிறேன். தலைவலி குறைந்துவிட்டதென்றால் மாத்திரையை மெல்ல நிறுத்திவிட்டு ஓய்வில் வைத்துப் பிரசவம் வரை பார்க்கலாமே.

---

நீலக்குருவி:

நான் மயக்க மருத்துவர், நரம்பியல் அறுவை அரங்கில் வேலை செய்கிறேன். உங்கள் அக்காவை நான் பார்க்கவில்லை, அதனால் முடிவு அவரைப் பார்க்கிற மருத்துவர்களுடையதுதான். ஆனால் மேலே வந்த பதிலை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். தலைவலி குறைந்ததற்குக் காரணம் டெக்சாமெத்தசோன், அது கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை வடியச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். 5 சென்டிமீட்டர் கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, மருந்தை நிறுத்தினால் வீக்கம் திரும்பி வரும். லெவெடிரசிட்டத்தை நிறுத்தினால் வலிப்பு வரலாம். நீண்ட வலிப்பில் தாய்க்கு ஆக்சிஜன் குறையும்போது குழந்தைக்கும் குறைகிறது, அந்த ஆபத்து மாத்திரையின் ஆபத்தைவிடப் பல மடங்கு பெரியது.

ஸ்கேனைப் பற்றி: எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் தேவை இருந்தால் எடுக்கலாம். தயங்குவது படம் தெளிவாகத் தெரியப் போடும் காடோலினியம் என்கிற ஊசி மருந்துக்குத்தான், ஏனென்றால் அது நஞ்சுக்கொடியைக் கடந்து பனிக்குட நீரில் தங்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வந்தது. அதில் முதல் மூன்று மாதங்களில் எடுத்த சாதாரண எம்.ஆர்.ஐ.யால் கெடுதல் எதுவும் தெரியவில்லை, காடோலினியம் போட்டவர்களிடம்தான் சில பாதிப்புகள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. அதனால்தான் உங்கள் அக்காவுக்கு ஊசி இல்லாமல் எடுத்திருப்பார்கள். அவசரத்தில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாலும் கூட, கருவுக்குப் போய்ச் சேரும் கதிர் 0.01 மில்லிகிரேக்கும் (கதிரை அளக்கும் அலகு) கீழே, கெடுதல் வருமோ என்று யோசிக்கத் தொடங்கும் அளவே 50 மில்லிகிரே.

இனி அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். தாங்கும் என்று எழுத்தில் உத்தரவாதம் தர யாராலும் முடியாது, ஆனால் இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியமும் இல்லை. கர்ப்பத்தில் மூளை அறுவை சிகிச்சை செய்ய ஏற்ற காலம் என்று பொதுவாகச் சொல்வது நடு மூன்று மாதங்களைத்தான். முதல் மூன்று மாதங்களில் உறுப்புகள் உருவாகும், கருச்சிதைவு வாய்ப்பும் அதிகம். கடைசி மூன்று மாதங்களில் கர்ப்பப்பை பெரிதாகி மூச்சு, ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் நெருக்கும், குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடும், ரத்தப்போக்கும் கூடலாம். 21, 22ஆம் வாரம் என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்திருக்கிற இடம். உங்கள் மருத்துவர்கள் அவசரப்படுத்துவதற்கு இது ஒரு காரணம், நடுக்கோடு நகர்ந்திருப்பது இன்னொரு காரணம். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு 40, 50 சதவீதம் கூடுகிறது, நீர் தங்குகிறது, கட்டிக்கும் அதைச் சுற்றியுள்ள வீக்கத்துக்கும் அது தீனி. இன்னும் 16 வாரம் பொறுக்கலாம் என்பது மாமியாரின் ஆசை, அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் கட்டி பொறுக்குமா என்பதுதான் கேள்வி. 34ஆவது வாரத்தில் இதே நிலையில் வந்திருந்தால், முதலில் சிசேரியன் செய்து குழந்தையை எடுத்துவிட்டுக் கட்டிக்குப் போகலாம் என்ற பேச்சுக்கே இடம் உண்டு. 21இல் அது கிடையாது.

அரங்கில் என்ன நடக்கும் என்று அக்காவிடம் சொல்லலாம், தெரிந்தால் பயம் கொஞ்சம் அடங்கும். 20 வாரத்துக்கு மேல் நேராக மல்லாக்கப் படுக்க வைத்தால் கர்ப்பப்பை அடிவயிற்றுப் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும், அதனால் வலது இடுப்புக்குக் கீழே அணை கொடுத்து இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்போம். கர்ப்பத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு என்பதால் அமிலத்தைக் குறைக்கும் மருந்து முன்னதாகவே கொடுத்து, மயக்கம் கொடுத்த உடனே மூச்சுக்குழாயில் குழாய் வைப்போம். மூளையைச் சுருங்க வைக்க வழக்கமாக மூச்சை வேகமாகத் தள்ளி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் குறைப்பது உண்டு, கர்ப்பிணிக்கு அதை அளவோடுதான் செய்வோம், ரொம்பக் குறைத்தால் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் குறையும். மூளை வீக்கத்தை வடியச் செய்யும் மானிட்டால் என்கிற மருந்தும் அப்படித்தான், அது குழந்தையின் பக்கம் போய் அதன் உடல் நீரை இழுக்கும், ஆகவே சிறிய அளவில், தேவைப்பட்டால் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்வோம். குழந்தைக்குத் தேவையானது அம்மாவின் ரத்தமும் அம்மாவின் ஆக்சிஜனும், அந்த இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் குழந்தை தன் போக்கில் இருந்துகொள்கிறது.

இணையத்தில் தேடினால் ஒரு விஷயம் கண்ணில் படும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 3 மணி நேரத்துக்கு மேல் அல்லது திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதைப் பார்த்துவிட்டு, தேவையான அறுவை சிகிச்சையை யாரும் தள்ளிப்போடக் கூடாது என்று மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு உடனே சொன்னது. நாங்கள் வழக்கமான அளவில் பயன்படுத்தும் மயக்க மருந்துகள் எதுவும் மனிதக் கருவில் உறுப்புக் குறைபாடு உண்டாக்குவதாக நிரூபணம் ஆகவில்லை.

இன்னொன்று, கஷ்டமான பேச்சுதான், ஆனால் முன்பே பேசிவிட வேண்டியது. 22 வாரத்தில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கினால் அவசரமாகச் சிசேரியன் செய்து வெளியே எடுப்பதால் பெரும்பாலும் பயன் இல்லை, நுரையீரல் தயாராக இருக்காது. அதனால் அந்த வாரத்தில் அறுவைக்கு முன்னும் பின்னும் துடிப்பைப் பார்ப்பார்கள், நடுவில் அம்மாவின் அழுத்தத்தைச் சரிசெய்வதுதான் வழி. 24 வாரம் தாண்டிவிட்டால் திட்டமே வேறு, மகப்பேறு குழு அரங்கிலேயே தயாராக நிற்கும். உங்கள் மருத்துவமனை எந்த வாரத்தில் என்ன செய்யும் என்று அறுவைக்கு முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அறுவை முடிந்ததும் துடிப்புப் பதிவில் ஏற்ற இறக்கம் குறைந்து தட்டையாகத் தெரியலாம், பார்த்துப் பதறாதீர்கள், மயக்க மருந்து குழந்தையையும் தூங்க வைத்திருக்கும்.

கலைப்பது பற்றி ஒரே வரி. கர்ப்பத்தைக் கலைத்தாலும் 5 சென்டிமீட்டர் கட்டி கரைந்துவிடாது, அறுவை எப்படியும் வேண்டும். 21 வாரத்தில் கலைப்பதும் சின்ன விஷயமில்லை. அக்கா அதைக் கேட்கவில்லை என்றால் சுற்றியிருப்பவர்கள் அதைத் திணிக்க வேண்டாம்.

---

செம்பருத்தி:

எனக்கு மெனிஞ்சியோமா இல்லை, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டினோமா, அதாவது புரோலாக்டின் என்கிற ஹார்மோனைச் சுரக்கும் கட்டி. தேடி வருகிற வேறு யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன். கர்ப்பத்தில் பிட்யூட்டரி சுரப்பி இயல்பாகவே பெரிதாகும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள கட்டியென்றால் கர்ப்பம் உறுதியானதும் கட்டியைச் சுருக்கும் மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்திவிடச் சொல்வார்கள், தொந்தரவு தரும் அளவுக்கு வளர்வது 2, 3 சதவீதம் பேருக்குத்தான். அதைவிடப் பெரிய கட்டியில் ஐந்தில் ஒருவருக்கு என்ற அளவில் வளரலாம், அதனால் பார்வைப் பரப்பை மூன்று மாதத்துக்கொரு முறை சோதிப்பார்கள், சிலருக்கு மாத்திரையைத் தொடரவும் சொல்வார்கள். கர்ப்பத்தில் புரோலாக்டின் ரத்தப் பரிசோதனை செய்து பலனில்லை, எல்லாக் கர்ப்பிணிக்கும் அது ஏறித்தான் இருக்கும். திடீரென்று கடுமையான தலைவலி, பார்வை மங்கல், இரண்டாகத் தெரிவது என்றால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் போக வேண்டும், கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். நான் மாத்திரை இல்லாமலே ஒன்பது மாதத்தையும் கடந்தேன், தாய்ப்பாலும் கொடுத்தேன், பால் கொடுப்பதால் இந்தக் கட்டி வளர்வதில்லை.

---

தாழம்பூ:

மழைத்துளி, உங்கள் அக்காவைப் போலவே எனக்கும் மெனிஞ்சியோமா, கர்ப்பத்தில்தான் தெரிந்தது. ஆனால் நான் பிரசவம் வரை காத்திருந்தேன். இதைச் சொன்னதும் மாமியார் பக்கம் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் கட்டி 2 சென்டிமீட்டருக்கும் குறைவு, சுற்றி வீக்கம் கிடையாது, நடுக்கோடு நகரவில்லை, ஒரு கண்ணின் ஓரத்தில் மட்டும் பார்வை கொஞ்சம் குறைந்திருந்தது. மாதாமாதம் கண் மருத்துவர் பார்வைப் பரப்பைப் பார்த்தார், பார்வை இன்னும் இறங்கினால் அன்றைக்கே அறுவை என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். அது இறங்கவில்லை. குழந்தை பிறந்த பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியே இருந்தது. இது என் அதிர்ஷ்டம் மட்டும் இல்லையாம், மெனிஞ்சியோமாவில் பலருக்கு அப்படி நடக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

காரணம் கேட்டபோது அவர் விளக்கியது மனதில் நிற்கிறது. மெனிஞ்சியோமாக்களில் சுமார் 70 சதவீதத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. கர்ப்பத்தில் அந்த ஹார்மோன் ஏராளமாகச் சுரக்கிறது. அதோடு நீர் தங்குவதும் ரத்த ஓட்டம் கூடுவதும் சேர்ந்து, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்த கட்டி கர்ப்பத்தில் வெளியே தெரிய வருகிறது. கர்ப்பத்தில் பார்வை மோசமாகிப் பிரசவத்துக்குப் பின் திரும்பி வருவதை 1929இலேயே அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் ஹார்வி குஷிங்கும் அவருடன் வேலை செய்த லூயிஸ் ஐசன்ஹார்ட்டும் எழுதியிருக்கிறார்களாம். ஸ்கேனே இல்லாத காலம் அது, நோயாளி சொல்வதைக் கேட்டுக் கண்ணைப் பார்த்தே கவனித்திருக்கிறார்கள்.

ஆக, காத்திருக்கலாமா என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, அழுத்தம் இருக்கிறதா, பார்வை போகிறதா, வாரம் எத்தனை, இதை வைத்துத்தான் முடிவு. உங்கள் அக்காவுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தவில்லை. என் கதையை மாமியாரிடம் சொல்வதாக இருந்தால் கட்டியின் அளவையும் சேர்த்தே சொல்லுங்கள்.

---

வெள்ளிமணி:

நரம்பியல் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அறுவையைப் பற்றி எழுதிவிட்டார், நான் வார்டு பக்கத்தைச் சொல்கிறேன்.

டெக்சாமெத்தசோன் சாப்பிடும்போது சர்க்கரை ஏறும், கர்ப்பத்தில் ஏற்கெனவே ஏறும் சுபாவம் உண்டு, அதனால் சர்க்கரையை அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுக்கு மருந்து சேர்த்துக் கொடுத்திருக்கிறார்களா பாருங்கள். தூக்கம் வராது, கோபம் வரும், பசி அதிகமாகும், அக்கா எரிந்து விழுந்தால் அது மருந்து பேசுகிறது. இந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். பல வாரம் தொடர வேண்டி வந்தால் பிரட்னிசோலோனுக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள், நஞ்சுக்கொடி அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும், சுமார் பத்தில் ஒரு பங்குதான் குழந்தைக்குப் போகும். மாற்றுவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு, மூளை வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் நன்றாக வேலை செய்கிறது என்பதால்தான் அதை எடுத்திருப்பார்கள். எப்படியிருந்தாலும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அக்கா இந்த மருந்தில் இருந்தார் என்று பிறந்த குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், குழந்தையின் அட்ரினல் சுரப்பி கொஞ்சம் மந்தமாக இருக்கலாம்.

வலிப்பு மருந்துகளில் லெவெடிரசிட்டமும் லாமோட்ரிஜினும் கர்ப்பத்துக்கு ஓரளவு பாதுகாப்பானவை என்று அறியப்பட்டவை. வால்ப்ரோயேட்தான் ஆகாதது, அதைச் சாப்பிடும் தாய்களின் குழந்தைகளில் சுமார் 10 சதவீதம் பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 சதவீதம் பேருக்கு வளர்ச்சிக் குறைபாடும் வரலாம். "வலிப்பு மாத்திரை கெடுதல்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வால்ப்ரோயேட்டை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். கர்ப்பத்தில் சிறுநீரகம் அதிகமாக வேலை செய்வதால் லெவெடிரசிட்டம் உடலைவிட்டுச் சீக்கிரம் போய்விடும், அளவைக் கூட்டினால் நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

வீட்டில் இருக்கும்போது இதையெல்லாம் பாருங்கள்: தலைவலி மறுபடி கூடுகிறதா, பீய்ச்சியடிக்கிற வாந்தியா, பகலிலும் தூங்கி வழிகிறாரா, கூப்பிட்டால் பதில் தாமதமாக வருகிறதா, இடது கை இன்னும் பலவீனமாகிறதா, பார்வை மங்குகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை பொறுக்காதீர்கள். வலிப்பு வந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 5 நிமிடத்துக்கு மேல் போனால் அவசர ஊர்தி. மயக்கம் அதிகமாகி நினைவு தப்பினால் எந்த வாரமாக இருந்தாலும் உடனே அறுவைதான், அந்த நிலைக்குப் போகாமல் திட்டமிட்டுச் செய்வது எவ்வளவோ மேல். அவசரமாக நள்ளிரவில் ஓடிவந்த கர்ப்பிணிகளையும் பார்த்திருக்கிறேன், ஏற்பாட்டோடு வந்து படுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் நிறைய.

---

மழைத்துளி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீலக்குருவி ஐயா எழுதியதை அத்தானிடம் படித்துக் காட்டினேன், அவர் முதன்முறையாக வாயைத் திறந்து அக்காவோடு பேசினார். வெள்ளிமணி அம்மா சொன்ன அறிகுறிகளை எழுதி அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். அக்கா அறுவைக்குச் சம்மதித்துவிட்டாள், நாள் குறித்தாகிவிட்டது. மாமியாரும் மருத்துவரை நேரில் பார்த்துப் பேசிய பிறகு, செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இன்னும் சில கேள்விகள். கட்டியை எடுத்த பிறகு சுகப்பிரசவம் முடியுமா, இல்லை கட்டாயம் சிசேரியன்தானா? தாய்ப்பால் கொடுக்கலாமா? இந்தக் கட்டி குழந்தைக்கும் வருமா என்று அக்கா ராத்திரி எல்லாம் கேட்கிறாள்.

---

நீலக்குருவி:

நல்ல செய்தி. பிரசவம் பற்றி: மூளைக் கட்டி என்றாலே சிசேரியன் என்று ஒரு விதி கிடையாது. பிரச்சினை முக்கித் தள்ளும் நேரத்தில்தான், அப்போது தலைக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். கட்டியை முழுதாக எடுத்து, அழுத்தமும் வீக்கமும் அடங்கிவிட்டால் சுகப்பிரசவம் நடக்கலாம். வலி தெரியாமல் முதுகில் மருந்து கொடுத்து, கடைசிக் கட்டத்தில் அக்கா அதிகம் முக்காமல் கருவி வைத்துக் குழந்தையை எடுப்பது ஒரு வழி. கட்டி மிச்சம் இருந்து அழுத்தமும் இருந்தால் சிசேரியன் பக்கம் சாய்வார்கள்.

முதுகு ஊசியைப் பற்றிக் கவனம் வேண்டும். தலைக்குள் அழுத்தம் இருக்கும்போது தண்டுவடத் திரவம் கீழே ஒழுகினால் மூளை கீழ்நோக்கி இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் அந்த நிலையில் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் சிசேரியன். பிரசவத்துக்கு முன் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் எந்த வழி என்று தெளிவாகும். அதனால் 30ஆவது வாரம் வாக்கிலேயே பிரசவ மயக்க மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிரசவ வலி வந்த பிறகு முதல்முறை சந்திப்பதாக இருக்கக் கூடாது. தலை அறுவை நடந்தது என்று பிரசவ அறையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் எர்கோமெட்ரின் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும், முடிந்தவரை அதைத் தவிர்த்து ஆக்சிடோசினை மெதுவாகக் கொடுப்போம்.

மெனிஞ்சியோமா அக்காவிடமிருந்து குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளாது. பரம்பரையாக வரும் சில அரிய நோய்களில், உதாரணமாக நியூரோஃபைப்ரோமடோசிஸ் இரண்டாம் வகையில், குடும்பத்தில் பலருக்குக் கட்டிகள் வரும். அப்படி யாரும் இல்லை, அக்காவுக்கும் ஒரே கட்டிதான் என்றால் ராத்திரி தூங்கச் சொல்லுங்கள்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மெனிஞ்சியோமாக்களில் பெரும்பாலானவை முதல் தரம், அதாவது மெதுவாக வளரும் சாதுவான வகை, முழுதாக எடுத்துவிட்டால் அப்புறம் ஸ்கேன் மட்டும்தான். இரண்டாம் தரமோ மூன்றாம் தரமோ வந்தால், அல்லது எதிர்பாராமல் கிளியோமா (மூளைத் திசுவிலேயே உருவாகும் கட்டி) என்று வந்தால், பேச்சு வேறு. கதிர்வீச்சையும் கீமோவையும் முடிந்தவரை பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அறிக்கை வருவதற்கு முன்னால் அதையெல்லாம் யோசித்துக் கலங்க வேண்டாம்.

---

வெள்ளிமணி:

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். லெவெடிரசிட்டம் பாலில் போகும், ஆனால் குழந்தையின் ரத்தத்தில் சேரும் அளவு குறைவு. குழந்தை அதிகமாகத் தூங்கிப் பால் குடிக்காமல் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு காடோலினியம் போட்டு ஸ்கேன் எடுத்தாலும் பாலை நிறுத்தத் தேவையில்லை, போட்ட மருந்தில் 0.04 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பாலில் வரும், அதிலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் குழந்தையின் குடல் உறிஞ்சும். சில இடங்களில் பழைய பழக்கத்தில் ஒரு நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வார்கள், அப்படிச் சொன்னால் கதிரியக்க மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டெமோசோலோமைடு போன்ற கீமோ மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் பால் கொடுக்கக் கூடாது. அப்புறம், தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், ராத்திரி ஒரு வேளைப் பாலையாவது பீய்ச்சி வைத்து வேறு யாராவது ஊட்டட்டும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது அக்காவைத் தனியாக விடாதீர்கள், மாடிப்படியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம், கொஞ்ச மாதத்துக்குத்தான்.

---

தாழம்பூ:

அக்காவுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு யாரும் தானாகச் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசியைப் பலருக்கும் பரிந்துரைப்பார்கள். பிரான்ஸில் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது, இந்த ஊசியை ஒரு வருஷத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மெனிஞ்சியோமா அறுவை வரை போகும் வாய்ப்பு சுமார் ஐந்தரை மடங்கு கூடுதலாக இருந்தது. எல்லோருக்கும் வந்துவிடும் என்று அர்த்தமில்லை, மெனிஞ்சியோமாவே அரிதான நோய்தான், ஆனால் ஒருமுறை வந்தவர்களுக்கு அது வேண்டாம். சைப்ரோடிரோன் என்கிற ஹார்மோன் மருந்து கலந்த மாத்திரையும் அப்படியே, மெனிஞ்சியோமா இருந்தவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதே விதி. அதே பிரெஞ்சு ஆய்வில் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்கிற ஹார்மோன் வைத்த கருப்பைச் சாதனத்தில் கூடுதல் ஆபத்து தெரியவில்லை, ஹார்மோனே இல்லாத செம்புச் சாதனமும் இருக்கிறது. எது ஒத்துவரும் என்று பிரசவத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த கர்ப்பம் கூடவே கூடாது என்று இல்லை. எனக்கு மருத்துவர் சொன்னது, முதலில் ஸ்கேன் எடுத்து மிச்சம் ஏதும் இருக்கிறதா, வளர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திட்டமிட வேண்டும், வலிப்பு மாத்திரை இருந்தால் எந்த மருந்து என்று கர்ப்பத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும், ஃபோலிக் அமிலத்தையும் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். அறுவை அறிக்கை, பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் குறுந்தகடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், மகப்பேறு மருத்துவமனையும் நரம்பியல் மருத்துவமனையும் வேறு வேறாக இருந்தால் அந்தக் கோப்பை எங்கே போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.